அறுபத்தோராவது பெயர்

நெடுந்தீவில் யூலியட்டைத் தெரியாதவர் கிடையாது. பிரிண்டர் நின்றாலும் அவள்தான், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் நிரப்புவதென்றாலும் அவள்தான், பாரிஸில் இருக்கும் மகனோடு கதைக்கும்போது அவன் முகம் தெரியாவிட்டாலும் அவள்தான். முப்பத்தொரு வயதுப் பெண்ணை ஊரே ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து வைத்திருந்தது. பிடித்தவர்களில் நானும் ஒருவன். என்னுடைய பிடி கொஞ்சம் இறுக்கம்.

என் பெயர் வாகீசன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வெடுத்த பிறகு, சும்மா இருக்கத் தெரியாமல், எங்கள் படகுப் பயணிகள் சங்கத்துக்குச் செயலாளரானேன். சங்கத்துக்கு ஒரே ஒரு படகு. காலை ஆறு மணிக்கு நெடுந்தீவிலிருந்து புறப்பட்டு குறிகாட்டுவானுக்குப் போகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். படகில் அறுபது உயிர்காப்பு அங்கிகள். அறுபதுக்கு மேல் ஓர் ஆளையும் ஏற்றக் கூடாது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் மீன்பிடிப் படகுகளில் ஆட்களை ஏற்ற விடமாட்டார்கள். அந்த நாட்களில் தீவை விட்டுப் போவதென்றால் எங்கள் படகு, இல்லாவிட்டால் நீச்சல்.

யூலியட் யாழ்ப்பாணத்தில் கணினி படித்தவள். அங்கே ஒரு கம்பனியில் இரண்டு வருடம் வேலை பார்த்தாள். நல்ல வேலை, நல்ல பெயர். தாய் மரியநாயகிக்குச் சிறுநீரகம் பழுதானதும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்கு வந்தாள். அண்ணன்மார் இரண்டு பேரும் பிரான்ஸில். வரமாட்டார்கள், படம் பார்த்து அழுவார்கள். நான் அவளைச் சங்கத்தில் எழுதுவினைஞராக எடுத்தேன். மூன்று மாதத்தில், படகில் யார் போகிறார்கள் என்று பதிந்து பட்டியல் போடும் கணினி நிரல் ஒன்றை எழுதித் தந்தாள். அதுவரை கொப்பியில் பெயர் எழுதி, வெட்டி, மேலே எழுதி, அதையும் வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய விஷயம்.

போன மாசியில் மரியநாயகி இறந்தார். ஒரு மாதம் போக, அந்தப் பழைய கம்பனி யூலியட்டைத் திரும்பக் கூப்பிட்டது. அவள் என்னிடம் வந்து சொன்னபோது, "கொஞ்சம் பொறும் பிள்ளை, உம்மட இடத்துக்கு ஒரு ஆளைப் பிடிச்சுப் போட்டு அனுப்பிறன்" என்றேன். ஆளை நான் தேடவில்லை. அவளும் இரண்டு தரம் கம்பனியிடம் தவணை கேட்டாள். மூன்றாம் தரம் அவர்கள் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள்: வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்கு நேரில் வந்து பொறுப்பெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவரை எடுப்பார்கள். சோளகம் அடித்துக்கொண்டிருந்த மாதம் அது. யூலியட் வியாழக்கிழமையே திங்கள் படகுக்குத் தன் பெயரைப் பதிந்தாள். கணினி அவளைக் காத்திருப்போர் வரிசையில் இருபத்தைந்தாவதாகப் போட்டது.

அவள் எழுதிய நிரல்தான். அவளுக்கே இடமில்லை என்றது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. துறையில் ஆட்களை ஏற்றுகிறவர் அம்புறோஸ். முப்பது வருடமாக அதே வேலை. கையில் பட்டியல் இருக்கும், ஆனால் அவர் அதைப் பார்ப்பது பேருக்குத்தான். பெயரை வாசிப்பார், "இவ இண்டைக்கு வரமாட்டா, நேற்று மருமகள் வந்து நிக்கிறாள்" என்பார், அந்த இடத்தில் வேறொருவரை ஏற்றுவார். எல்லாரையும் தெரிந்த மனிதர். பட்டியல் சரியோ பிழையோ, படகு நிறைந்துதான் போகும்.

நான்தான் அதைக் குழப்பினேன். ஆளைப் பார்த்து ஏற்றுகிறார்கள் என்று முறைப்பாடு வந்தது. கூட்டம் போட்டு, மேசையில் தட்டி, இனிமேல் பட்டியலில் பெயர் இருப்பவர்தான் ஏறலாம் என்று தீர்மானம் எடுத்தோம். பட்டியலில் உள்ளவர் வராவிட்டால், ஆறு மணியோடு காத்திருப்போர் வரிசையில் முதல் நிற்கிற ஒருவருக்கு மட்டும் இடம் கொடுக்கலாம். அதற்கு மேல் ஆள் மாற்றுவதற்கு நேரமுமில்லை, அனுமதியுமில்லை. இதைப் பார்த்துக்கொள்ள அந்த வாரம்தான் ஊர்காவற்றுறையிலிருந்து நிரோஜன் என்ற இளைஞனை எடுத்தோம். நெடுந்தீவில் ஒருவரையும் தெரியாதவன் வேண்டும் என்றுதான் அவனை எடுத்தோம். அவன் தன் வேலையை ஒழுங்காகச் செய்தான். முதல் நாளே படகு பாதி வெறுமையாகப் போனது. துறையில் நாற்பது பேர் நின்று என்னைத் திட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை யூலியட் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் கதிரையைப் போட்டு நானும் உட்கார்ந்தேன். உதவிக்கு இல்லை, பயத்துக்கு.

அவள் எனக்கு விளங்கும்படி சொன்னாள். பட்டியலுக்கான கேள்வியை ஒருமுறை எழுதி, கணினியில் தயாராக வைத்திருக்கிறார்கள். மாறுகிற இடங்களில் மட்டும் கேள்விக்குறி. ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்விக்குறிகளின் இடத்தில் திகதியையும் மற்ற விபரங்களையும் நிரப்பிக் கொடுத்தால், கணினி பெயர்களைத் தரும். வங்கிப் படிவத்தில் வெற்றிடம் நிரப்புவது போலத்தான். வெற்றிடத்துக்குள் யாரும் கள்ளக் கட்டளை எழுதிப் புகுத்த முடியாது, எழுதினாலும் கணினி அதை வெறும் எழுத்தாகத்தான் எடுக்கும். அதில் அவளுக்குப் பெருமை.

அதனால் பிழை வெற்றிடத்தில்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். திகதி மாறிப் போகிறதா, ஒன்றின் இடத்தில் மற்றது விழுகிறதா என்று மத்தியானம் வரை பார்த்தாள். சாப்பிடவில்லை. நானும் மரியாதைக்குச் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், ஒன்றரைக்கு மேல் என்னால் ஏலவில்லை.

"கேள்விக்குறிக்குள்ள போறதெல்லாம் சரியாத்தான் போகுது, சேர்."

"அப்ப எங்க பிழை?"

"தெரியேல்லை. படகு ஓடாத ஒரு நாளைக் குடுத்துப் பாக்கிறன். ஒருத்தரும் வரக்கூடாது."

இருபது வருடம் தள்ளி ஒரு திகதியைக் கொடுத்தாள். யாருமே பதிந்திருக்க முடியாத நாள். திரையில் பதினெட்டுப் பெயர்கள் வந்தன.

"அண்டைக்கு நான் இருக்கமாட்டன், இவை மட்டும் படகில போகினமோ?" என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். முதல் பெயர் மரியநாயகி.

அவள் அந்தக் கேள்வியைத் திறந்து கடைசி வரி வரைக்கும் போனாள். பிறகு முகத்தை இரண்டு கையாலும் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"என்ர பிழைதான், சேர். அம்மாவுக்காக எழுதின வரி."

மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள், இரத்தம் சுத்திகரிக்கப் போக வேண்டிய மரியநாயகிக்குப் படகில் இடம் உறுதியாகவில்லை. துறையில் வெயிலில் உட்கார்ந்திருந்து திரும்பி வந்தார். அன்றைக்கு வந்த கோபத்தில் யூலியட் அந்தக் கேள்வியின் கடைசியில் ஒரு நிபந்தனையை ஒட்டினாள்: 'அல்லது நிரந்தர நோயாளி'. அவள் நினைத்தது, அந்தத் திகதிக்குப் பதிந்தவர்களில் இடம் உறுதியானவர்களும், உறுதியாகாவிட்டாலும் நோயாளிகளும் என்று. கணினி விளங்கிக்கொண்டது வேறு: அந்தத் திகதிக்கு உறுதியானவர்கள் ஒரு கூட்டம், எந்தத் திகதியும் பார்க்காமல் நோயாளிகள் எல்லாரும் இன்னொரு கூட்டம். என்றைக்கோ ஒருமுறை பதிந்த நோயாளி ஒவ்வொரு நாள் பட்டியலிலும் வந்துகொண்டே இருந்தார். நோயாளிக்கு ஓர் இடம், துணைக்கு ஓர் இடம். பதினெட்டுப் பேருக்கு முப்பத்தாறு இடம். அதில் மூன்று பேர் இறந்தே போய்விட்டார்கள். அச்சடித்த பட்டியல் நேரே துறைக்குப் போய்விடும், அறையில் ஒருவரும் வாசிப்பதில்லை. அம்புறோஸின் தலைக்குள் இருந்த ஊர்க்கணக்கு இவ்வளவு காலமும் இதை மூடி வைத்திருந்தது.

திருத்துவதற்கு அரை நிமிடம் போனது. திகதியை வெளியே வைத்து, மற்ற இரண்டு நிபந்தனைகளையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டாள். அவ்வளவுதான். இருபது வருடம் தள்ளிய நாளைத் திரும்பக் கொடுத்தாள். ஒருவரும் வரவில்லை. திங்கட்கிழமையைக் கொடுத்தாள். நாற்பத்தொன்பதாவது இடத்தில் அவளுடைய பெயர்.

"சேர், எனக்கு இடமிருக்கு!" என்று எழும்பி நின்றுவிட்டாள். அவளை அப்படி நான் முன்பு பார்த்ததில்லை. அந்த நேரம் அம்புறோஸ் உள்ளே வந்து, அச்சடித்த பட்டியலை எடுத்து, வழக்கம்போல விரலை வைத்து மேலிருந்து கீழே போனார்.

"கிறேசம்மாவைக் காணேல்லை. திங்கள் அவவுக்குக் கிளினிக்கெல்லோ?"

யூலியட் மெல்ல உட்கார்ந்தாள்.

எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. பிழையான பட்டியலில் நோயாளிகளின் பெயர் ஒவ்வொரு நாளும் தானாக வந்தது. அதனால் மூன்று வருடமாக அவர்களில் ஒருவரும் பதியவில்லை. கிளினிக் நாளில் துறைக்கு வந்தால் போதும், பெயர் இருக்கும். இப்போது பட்டியல் சரி. ஆனால் பதியாதவர்களுக்குப் பெயர் இல்லை. நிரோஜன் ஏற்றமாட்டான்.

"கிளினிக் அட்டையில என்ன திகதியெண்டு ரெலிபோனில கேளும்" என்றேன். கேட்டாள். ஒருவர் அடுத்த மாதம் என்றார், மற்றவர் கண்ணாடி இல்லை என்றார், இன்னொருவர் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வாசித்தாரோ தெரியாது, முப்பத்தாறாம் திகதி என்றார். அட்டையில் டாக்டரின் எழுத்து. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

"பதினைஞ்சு வீடு, சேர். சனி, ஞாயிறு போய்ப் பாத்துப் பதிஞ்சு போட்டுத் திங்கள் போறன்."

"யாழ்ப்பாணத்தில இருந்து பதிய ஏலாதோ?"

"வெளியில இருந்து ஒருத்தரும் திறக்க ஏலாதபடி நான்தான் பூட்டினனான்."

நான் ஒரு கணக்கு வாத்தியார். அவள் சொல்லாததையும் கணக்குப் பார்த்தேன். நோயாளிக்கு முன்னுரிமை. திங்கட்கிழமை கிளினிக் உள்ள ஒவ்வொரு நோயாளியும் துணையோடு பட்டியலில் ஏற ஏற, அவள் இரண்டிரண்டு இடமாகக் கீழே இறங்குவாள். அறுபதைத் தாண்டினால் துறையில் நிற்பாள். அவளுக்கும் அது தெரியும்.

"ஞாயிற்றுக்கிழமைப் படகில இப்ப இடமிருக்குப் பிள்ளை. அதில போம்" என்றேன். அதை மனசாரத்தான் சொன்னேன்.

"மிச்ச வீடுகளை ஆர் பாக்கிறது?" என்று கேட்டாள். அந்த அட்டையை வாசிக்கவும், கணினியில் பதியவும் எங்களிடம் வேறு ஆள் இல்லை. ஆளைத் தேடாமல் விட்டவன் நான்.

சனிக்கிழமை ஒன்பது வீடு. மூன்று பேருக்குத் திங்கள். பின்னேரம் கணினியில் பதிந்துவிட்டு, "ஐம்பத்தஞ்சு" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் நானும் ஏறினேன். கல்வேலிகளுக்கு நடுவே காற்று எங்களைத் தள்ளியது. ஒவ்வொரு வீட்டிலும் மருந்துப் பையை அவிழ்த்து அட்டையைத் தேடி எடுப்பார்கள். அவள் திகதியைப் பார்த்துக் கொப்பியில் எழுதுவாள். அட்டையின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'காலை ஐந்தரை, துறை' என்று எழுதிக் கொடுப்பாள். ஒரு கிழவர் அவளுக்குத் தேத்தண்ணி தந்து, "நீ இருக்கிற வரைக்கும் எங்களுக்கு என்ன குறை" என்றார். அவள் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினாள். ஐந்து வீடு முடிந்தபோது இரண்டு பேருக்குத் திங்கள். ஐம்பத்தொன்பது.

கடைசி வீடு மேற்கில், சின்னக்குட்டியுடையது. இதய நோயாளி. கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிற ஆளே இல்லை.

"விடும் பிள்ளை. அந்தாள் எப்பிடியும் போகாது" என்றேன்.

"அவர் வராமல் விட்டால் அது அவரின்ர பாடு, சேர். நான் கேக்காமல் விட்டால் அது நான் செய்தது."

சின்னக்குட்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மகள் தர்சனா அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தாள். யூலியட் அதை இரண்டு தரம் வாசித்தாள். செவ்வாய் என்று இருக்க வேண்டும், கடவுளே, செவ்வாய் என்று இருக்க வேண்டும் என்று என் மனம் அடித்துக்கொண்டது.

"திங்கள்தான், ஐயா. நாளைக்கு. ரெண்டு முறை போகாமல் விட்டிருக்கிறியள்."

"மருந்துக் குளிசை முடிஞ்சு கனநாள்" என்றாள் தர்சனா.

"எழும்ப ஏலுமெண்டால் வாறன்" என்றார் சின்னக்குட்டி, மாட்டைப் பார்த்துக்கொண்டு.

அட்டையின் பின்பக்கத்தில் அவருக்கும் எழுதிக் கொடுத்தாள். மற்றவர்களுக்கு எழுதியதைவிடப் பெரிதாகத்தான் எழுதினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டியல் மூடியபோது அறுபத்தோராவது பெயர் அவளுடையது. காத்திருப்போர் வரிசையில் முதலாவது.

திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கே ஒரு பெட்டி, ஒரு தோள்பையோடு துறையில் நின்றாள். புதுச் சட்டை போட்டிருந்தாள். நிரோஜன் ஒவ்வொரு பெயராக வாசித்தான். கிறேசம்மா ஏறினார், துணைக்கு அவருடைய தங்கச்சி. நாற்பது ஆனது, ஐம்பது ஆனது. ஐம்பத்தெட்டில் நின்றது. மணி ஐந்து ஐம்பது. சின்னக்குட்டியும் மகளும் வரவில்லை.

அம்புறோஸ் என் காதருகே வந்து, "பழைய மாதிரியெண்டால் நான் இவளை எப்பவோ ஏத்தியிருப்பன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. படகின் விளிம்பில் நின்று சத்தமாகவே கேட்டேன், "ஆரும் ஒருத்தர் நிண்டு நாளைக்குப் போங்கோவன். இந்தப் பிள்ளைக்கு வேலைக்குப் போக வேணும்." ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அங்கியின் வாரைச் சரிசெய்தார்கள், பையை மடியில் வைத்தார்கள். அவர்களையும் குறை சொல்ல ஏலாது. கிளினிக், சோதனை, கச்சேரியில் அரசாங்க அலுவல், எல்லாருக்கும் ஒரு திங்கட்கிழமை இருந்தது.

"வேண்டாம் சேர்" என்றாள் யூலியட். வெட்கத்தில் அவளுடைய முகம் கழுத்து வரை சிவந்திருந்தது.

ஐந்து ஐம்பத்தேழு. நிரோஜன் மணிக்கூட்டைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்து, "அக்கா, சாமானைக் கிட்டக் கொண்டு வாங்கோ" என்றான். அவள் பெட்டியைத் தூக்கினாள்.

அப்போது தெருவில் ஓட்டோ வெளிச்சம் தெரிந்தது.

சின்னக்குட்டி இறங்கி இரண்டு அடி வைத்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். தர்சனா அவரைத் தாங்கிக்கொண்டு அங்கிருந்தே கத்தினாள், "பொறுங்கோ, பொறுங்கோ, வாறம்!" முதலில் ஓடியது யூலியட்தான். பெட்டியைப் போட்ட இடத்தில் போட்டுவிட்டு ஓடி, அவருடைய மற்றக் கையைத் தன் தோளில் போட்டுக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏற்றி இருத்தி, அங்கியைப் போட்டு, வாரை இழுத்துக் கட்டினாள்.

"நீயும் வாறியோ பிள்ளை?" என்று கேட்டார் அவர்.

"இல்லை ஐயா. அறுபதும் சரி."

படகு போய்விட்டது. மூன்று வருடத்தில் அன்றைக்குத்தான் பட்டியல் ஒரு பெயர் கூடாமல் குறையாமல் சரியாக இருந்தது. பெயர் இருந்த எல்லாரும் வந்தார்கள். ஒரு பிழையாவது இருந்திருக்கக் கூடாதா என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

ஒன்பது மணிக்கு என்னுடைய அறையில் இருந்து கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். இரண்டு நிமிடம் கூடக் கதைக்கவில்லை. "நல்ல மாதிரித்தான் கதைச்சவை, சேர். மற்ற ஆளைக் கூப்பிடப் போகினமாம்." அதைச் சொல்லிவிட்டுக் கணினியைப் போட்டு, செவ்வாய்க்கிழமைப் பட்டியலைத் திறந்தாள். திரையைப் பார்த்தபடியே அழுதாள், துடைக்கவில்லை.

நான் ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் எனக்குள் என்ன இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கவலை இருந்தது, உண்மைதான். அதோடு சேர்ந்து ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது: நாளைக்குப் பட்டியல் போட ஆள் இருக்கிறது. அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அந்த நிம்மதி என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவள் திரும்பித் திரையைப் பார்த்தாள்.